வியாழன் காலை 6.02

வியாழன், காலை 8.40.

அக்கா சாவி போட்டுக் கதவைத் திறந்தார். வீட்டில் சத்தமே இல்லை. அந்த நேரத்துக்குப் பெரியவர் ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். செய்தியும் இல்லை, சண்டையும் இல்லை. அக்கா செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினார்.

பெரியவர் படுக்கையறையில், கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கழுத்தில் தொங்கிய வெள்ளைப் பொத்தானை வலது கை இறுக்கிப் பிடித்திருந்தது.

பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தவரைப் பார்த்துக்கொள்ள, மகன் ஒரு ஏஜென்சி மூலம் வீட்டோடு ஆள் வைத்தான். வந்தவருக்கு வயது நாற்பத்தாறு. வந்த முதல் நாளே பெரியவர் அவரை "அக்கா" என்று கூப்பிட, அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவர் அக்காவாகிப் போனார். தன்னைவிட முப்பத்திரண்டு வயது மூத்த தம்பி தனக்கு மட்டும்தான் இருக்கிறார் என்று அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்தப் பொத்தானும் மகன் வாங்கிக் கொடுத்ததுதான். அதை அழுத்தினால் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் வெள்ளைப் பெட்டி விழித்துக்கொள்ளும். பெட்டி, வீட்டு வைஃபை வழியாக மகன், மருமகள், அக்கா மூன்று பேர் போனையும் ஒரே நேரத்தில் அலறவைக்கும். அன்று காலை மூன்றில் ஒன்றுகூட அலறவில்லை.

வியாழன், பகல் 12.10.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. எதைச் சொன்னாலும் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். அதனால் ஸ்டேஷனில் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் இன்னொருதடவை. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

இதயம் நின்றதால் வந்த மரணம், உயிர் போனது ஏழேகாலுக்கும் ஏழரைக்கும் இடையில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றும் வாய்விட்டுச் சொன்னார். மகனைக் குலைத்துப் போட்டது அந்தப் பேச்சுதான். அவன் தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் ரயிலில் இருப்பான். இந்த வாரம் ஊரில்தான் இருந்தான். பத்து நிமிட தூரத்தில், தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளைப் பெட்டியின் பதிவுகளைத் தன் போனில் திறந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். காலை 6.02க்கு இணைப்பு போயிருந்தது. 6.21லிருந்து 6.58 வரை பொத்தான் ஒன்பது முறை அழுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "அனுப்ப முடியவில்லை". 8.44க்கு இணைப்பு திரும்பி வந்திருந்தது.

"அக்கா எப்ப வீட்டுக்குள்ள வந்தாங்க? எட்டு நாப்பது. நெட் எப்ப வந்துச்சு? எட்டு நாப்பத்திநாலு," என்றான் மகன். "நாலே நிமிஷம் மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஹாலில் ரூட்டர் செருகியிருந்த பிளக்கில்தான் அக்கா முன்பு இஸ்திரிப் பெட்டியைச் செருகுவார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அப்படி ரூட்டரைப் பிடுங்கிவிட்டு மறந்துபோனதால் மகன் கத்தித் தீர்த்திருக்கிறான். "தொடாதே" என்று எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் அங்கே இருந்தது. பெரியவருக்குத் தினமும் இஸ்திரி போட்ட சட்டை வேண்டும், வெளியே போகாவிட்டாலும் வேண்டும். இன்றைக்கும் ஆறு மணிக்கு ரூட்டரைப் பிடுங்கி, சட்டையைத் தேய்த்துவிட்டு, அப்படியே வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்து பிணத்தைப் பார்த்ததும் பதறி ரூட்டரை மறுபடி செருகியிருக்கிறார். மகன் சொன்ன கணக்கில் ஓட்டை இல்லை.

"இஸ்திரி இப்பல்லாம் சமையலறையிலதான் மேடம். அந்தப் பிளக்கை நான் தொடறதே இல்லை," என்றார் அக்கா.

"ஆறு அஞ்சுக்குப் போயிட்டு எட்டு நாப்பதுக்கு வந்திருக்கே. எங்க போனே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"காய்கறி வாங்க."

இன்ஸ்பெக்டர் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். காய்க்கூடையில் நேற்றைய இரண்டு கத்தரிக்காய் சுருங்கிக் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லு."

அக்கா உட்கார்ந்துவிட்டார். கூலி வேலைக்காகத் தூர ஊருக்குப் புறப்பட்ட தன் மகனை வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். ஆறே முக்காலுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். பையனைத் தனியாக விட்டுவர மனம் வரவில்லை. ஐயாவிடம்கூடச் சொல்லாமல் போனதைச் சொல்ல வெட்கப்பட்டுக் காய்கறி என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொய் சொன்னவள் இன்னொன்றும் சொல்வாள் என்று இன்ஸ்பெக்டர் தீர்மானித்தார். இருபது வருட சர்வீஸ் கற்றுக் கொடுத்த பாடம் அது. அன்று மாலை வரை அக்காவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு முறை குரலை உயர்த்தினார். அந்தக் குரல் பிறகு அவருடைய காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கப் போகிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

வெள்ளி, மாலை 5.00.

இறுதிச் சடங்கு முடிந்ததும் மகன் ஸ்டேஷனுக்கு வந்து, முதல் நாள் வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பராமரிப்பில் அலட்சியம், அதை மறைக்க முயற்சி. திங்கட்கிழமை அக்காவைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். அதற்குள் ஏஜென்சி அவர் பெயரை அடித்துவிட்டது. இனி எந்த வீட்டிலும் எந்தக் கிழவருக்கும் அவர் ஒரு வாய்க் கஞ்சி ஊட்ட முடியாது. சனிக்கிழமை வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள்.

எழுதும்போது மகனின் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. அப்பாவை இழந்தவன் என்று இன்ஸ்பெக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புகாரில் முதல் நாள் சொன்ன எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. பெட்டியின் பதிவுகளை அச்செடுத்துத் தருகிறேன் என்றவன் வெறுங்கையோடு வந்திருந்தான். மறந்துவிட்டதாம்.

"போன் இருக்கில்ல? குடுங்க," என்று வாங்கி இன்ஸ்பெக்டரே பதிவுகளைப் படம் எடுத்துக்கொண்டார். வழக்கம்போல இன்னொரு தடவை பார்த்தார். இந்த முறை வியாழனோடு நிறுத்தாமல் மேலே தள்ளினார். புதன் மாலை 6.50க்கு ஒரு வரி இருந்தது: "இணைப்பு மாறியது."

"இது என்ன?"

"அது அப்பப்ப வரும் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் இன்னும் மேலே தள்ளிப் பார்த்திருந்தார். ஒரு மாதத்துக்கு அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

சனி, காலை 10.30.

இன்ஸ்பெக்டர் பெரியவர் வீட்டுக்கு நெட் கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார். அவர் வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். ரூட்டரைச் சோதிக்க ஒரு போன் வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் தன் போனையே கொடுத்தார். வைஃபையின் பெயர் "நம்ம வீடு". பாஸ்வேர்டு ரூட்டரின் முதுகில் மகன் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. டெக்னீஷியன் அதைத் தட்டி, ரூட்டருக்குள் புகுந்து பார்த்தார்.

"அம்பத்தோரு நாளா ஓடிக்கிட்டே இருக்கு மேடம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இந்த ரூட்டர் கடைசியா அணைஞ்சு அம்பத்தோரு நாள் ஆச்சு. பிளக்கை ஒரு செகண்ட் பிடுங்கினாக்கூட மறுபடி பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும். பிடுங்கலை. லைனும் போகலை, எங்க ஆபீஸ் கணக்கும் அதைத்தான் சொல்லுது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியானால் அக்கா சொன்னது உண்மை. பெஞ்சில் மாலை வரை உட்கார வைத்தோமே என்ற நினைப்பு முதலில் வந்தது. பிறகுதான் கேள்வி வந்தது. ரூட்டர் அணையவில்லை, லைன் போகவில்லை. வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம் நெட் எப்படிப் போயிற்று?

டெக்னீஷியனுக்கும் புரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, இனி இந்த வீட்டுக்கு வந்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும், மறுபடி பாஸ்வேர்டு தட்ட வேண்டாம் என்றார். "இதுங்களுக்கு முகம் தெரியாது மேடம். பேரும் பாஸ்வேர்டும் சரியா இருந்தாப் போதும், யாரு என்னன்னு கேக்காம ஒட்டிக்கும்."

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு போன் போட்டார். வியாழக்கிழமை அறைக்குள் போனதிலிருந்து என்னென்ன செய்தார் என்று முதலிலிருந்து கேட்டார். இந்தத் தடவை "சொல்லுங்க" என்றார். அக்கா சொன்னதில் ஒரு புது விஷயம் இருந்தது. ஐயாவைப் பார்த்த உடனே, அங்கேயே நின்று மகனுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். வைஃபை கோடு முழுசாக இருந்தது, ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர கால் போகவில்லை. பிறகு சாதாரணமாக அடித்துச் சொல்லியிருக்கிறார்.

கோடு முழுசாக இருந்தது. ஏதோ ஒன்று பக்கத்திலேயே இருந்து "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. வேலைதான் செய்யவில்லை.

சனி, பகல் 12.00.

மகன் ஆபீசுக்குப் போயிருந்தான். அப்பா போன மூன்றாம் நாளே வேலைக்குப் போனது அக்கம்பக்கத்துக்குப் பேச்சாகியிருந்தது. வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். அழுது கண் வீங்கிய நல்ல பெண். இன்ஸ்பெக்டர் உட்காரும்போது அவர் கைப்பையிலிருந்த போன் நாலைந்து முறை டிங் டிங் என்றது. காலையிலிருந்து சேர்ந்த செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

எடுத்துப் பார்த்தார். வைஃபை ஒட்டியிருந்தது. பெயர், "நம்ம வீடு".

இந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

"இங்கயும் அதே பேரா?" என்றார், சாதாரணமாக.

மருமகளுக்கு அதில் பெருமை. "அது அவரோட ஐடியா. மாமா இங்க வந்து பத்து நாள் தங்குவாங்க. வரும்போதெல்லாம் போன்ல பாஸ்வேர்டு போடு, பொத்தானுக்குப் போடுன்னு ஒரே ரகளை. அதான் ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வச்சுட்டார். மாமாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போகும்போது கொண்டு போற பாக்கெட் வைஃபைக்குக்கூட அதேதான். ரயில்ல உக்காந்தாலும் மாமாவுக்கு அது நம்ம வீடுதான்."

மேசையில் மகனின் பயணச் சாமான்கள் வரிசையாக இருந்தன. பவர் பேங்க், எந்த நாட்டுச் சுவருக்கும் பொருந்தும் அடாப்டர், காதில் மாட்டும் இயர்பட்ஸ், சாவி தொலையாமல் இருக்கக் கொத்தில் கோக்கும் வட்டத் தகடு. பவர் பேங்கும் இயர்பட்ஸும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் ஒயர் இல்லாமல் ஓரமாகத் தனியாகக் கிடந்தது. அதுதான் பாக்கெட் வைஃபை. சிம் போட்டு டேட்டா பேக் வாங்கினால் போகிற இடத்தில் நெட் தரும்.

"இதை ஏன் ஒதுக்கி வச்சிருக்கார்?"

"தெரியலை மேடம். அவர் பாத்ரூம் போனாக்கூட கையில இருக்கும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து தொடவே மாட்டேங்கறார். நான் சார்ஜ் போட்டேன், அதையும் பிடுங்கி வச்சுட்டார்."

அதன் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நிரம்ப ஏற்றினால் பதினாலு, பதினைந்து மணி நேரம் என்றாள். டேட்டா பேக் ஒரு வாரத்துக்கு வாங்குவானாம். போன வாரத்து வியாழக்கிழமை விடிகாலை ஆறு மணி ரயிலில் ஏறியதும் வாங்கினான். ஒரு வாரம் கழித்து, வாங்கிய அதே நிமிடத்தில் தீர்ந்துபோகும். புதன்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக அப்பாவைப் பார்க்கப் போனான், மழையில் கோட்டு நனைந்துவிட்டது, ஈரத்தோடு போகாதே என்று மாமாவே அதைப் பிடுங்கித் தன் அறைக் கதவில் மாட்டிவிட்டுத் தன் ஸ்வெட்டரைப் போட்டு அனுப்பினார். இதைச் சொல்லும்போது மருமகள் மறுபடி அழுதாள். கோட்டை வியாழக்கிழமை பகலில் மகன்தான் அங்கிருந்து எடுத்து வந்தான்.

"புதன்கிழமை இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

மருமகள் யோசித்தாள். "கோட்டுப் பையிலதான் இருந்திருக்கும். எப்பவும் அதுலதான்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்ட பயம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன்னோடு வரும்படி அவளையும் அழைத்தார்.

சனி, பகல் 2.15.

பெரியவரின் படுக்கையறையில் நான்கு பேர் நின்றார்கள். இன்ஸ்பெக்டர், டெக்னீஷியன், மருமகள், துணிமணி எடுக்க வந்த அக்கா. இன்ஸ்பெக்டர் கறுப்புப் பெட்டியை உயிர்ப்பித்து, அறைக் கதவின் கொக்கியில் ஒரு துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டார். பிறகு தலைமாட்டு வெள்ளைப் பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. பார்த்தால் குறையே தெரியாது.

பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். மருமகளின் போனும் அக்காவின் போனும் ஊமையாகவே இருந்தன.

அடுத்துச் செய்யப்போவதை எண்ணி இன்ஸ்பெக்டர் சற்றுத் தயங்கினார். செத்துப்போன ஒருவர் பெயரில் மகனுக்கு அழைப்பு போகும். நல்ல காரியம் இல்லைதான். ஆனால் திங்கட்கிழமை கோர்ட்டில் நிற்கப்போவது அக்கா. கறுப்புப் பெட்டியை அணைத்தார். ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

அறையே அலறியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டார். இரண்டு போன்களிலும் சிவப்புத் திரையில் "அப்பா, உதவி" என்று வந்தது. மணி 2.20.

மகன் 2.29க்கு உள்ளே வந்தான். மூன்று மாடியையும் படியிலேயே ஏறியிருந்தான், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அப்பா இல்லாத கட்டிலைப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது நிமிடம் என்பதை அவன் கணக்குப் போட்டது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியாகத்தான் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். அதைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை.

"உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் நின்றுகொண்டே இருந்தான். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தாமல் சொல்லத் தொடங்கினார். புதன் மாலை 6.50க்கு மகன் கோட்டோடு அறைக்குள் வந்தான். பையில் இந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் ஒரு "நம்ம வீடு", அறைக் கதவில் இன்னொரு "நம்ம வீடு". வெள்ளைப் பெட்டி பக்கத்தில் இருந்ததோடு ஒட்டிக்கொண்டது. அதுதான் "இணைப்பு மாறியது". இரவு முழுக்க ஒரு குறையும் இல்லை, பேக் இருந்ததால் நெட்டும் இருந்தது. வியாழன் காலை 6.02க்கு, ரயிலில் ஏறியதும் வாங்கிய பேக் ஒரு வாரம் முடிந்து நின்றது. கறுப்புப் பெட்டி அணையவில்லை, சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தது. வாசல் திறந்திருந்தது, அதற்கு அப்பால் வழி இல்லை. வெள்ளைப் பெட்டி அந்த வாசலிலேயே நின்று ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறது. 8.44க்குப் பாக்கெட் வைஃபையின் பேட்டரி தீர்ந்தது. போட்டிக்கு ஆள் இல்லாததால் வெள்ளைப் பெட்டி ஹால் ரூட்டருக்குத் திரும்பியது. அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

"எல்லாரும் ரூட்டரை யார் அணைச்சாங்கன்னே தேடினோம். நானும்தான். எதுவுமே அணையலை. ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. அது யார் கண்ணுலயும் படலை, ஒருத்தரைத் தவிர."

"எனக்கு வியாழக்கிழமை தெரியாது மேடம்," என்றான் மகன்.

"பகல்ல தெரியாது. சாயங்காலம்?"

மருமகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மணிக்கு," என்றான். "கோட்டுலேர்ந்து எடுத்து சார்ஜ் போட்டேன். போன்ல மெசேஜ் இருந்துச்சு. பேக் முடிஞ்சது ஆறு ரெண்டுன்னு. பார்த்ததுமே புரிஞ்சு போச்சு."

"அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு என் முன்னாடி உக்காந்து எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க."

"அவங்க லேட்டா வந்தது நிஜம்தானே மேடம். அதையே பிடிச்சுக்கிட்டேன். அவங்க மேல தப்பு இருக்கற வரைக்கும் என்னால மூச்சு விட முடிஞ்சுது."

"பெட்டியை மறந்தது குத்தம் இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க அப்பாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு ஒரே பேரு வச்சீங்க, அது இப்படி முடிஞ்சுது. அதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடம் இல்லை. ஆனா தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுஷி தலையில எழுதிக் குடுத்தீங்களே, அதுக்கு இடம் இருக்கு. குத்தவாளி யாருன்னு கேட்டா நான் உங்களைத்தான் சொல்லுவேன். வியாழக்கிழமைக்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்கு."

மருமகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை. டெக்னீஷியன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு நழுவினார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார். புகார் பொய் என்றும், தெரிந்தே கொடுத்தது என்றும் அவன் கையாலேயே எழுத வேண்டும். அதற்கு அவன் மேல் வழக்கு வரும், தான் அதைத் தடுக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். ஒரு நகல் ஏஜென்சிக்குப் போகும். பிறகு அக்காவிடம் திரும்பி, வியாழக்கிழமை தான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். போலீஸ்காரர்களுக்கு அது வழக்கமில்லை, அதனால் சரியாக வரவும் இல்லை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்," என்றார் அக்கா. "ஐயா உயிர் எத்தனை மணிக்குப் போச்சு?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. ஆறரை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் இந்த மூன்று நாளில் இந்த வீட்டில் போதுமான பொய் சொல்லியாயிற்று.

"ஏழேகாலுக்கு மேல," என்றார்.

நினைத்தபடி ஆறே முக்காலுக்குத் திரும்பியிருந்தால் பெரியவர் உயிரோடு கிடந்திருப்பார். அக்கா அதை மனதுக்குள் ஒரு முறை பார்த்துக்கொண்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை. மூன்று நாளாக அவருக்குத் தெரிந்திருந்ததுதான், இப்போது டாக்டர் கையெழுத்தோடு தெரிந்துகொண்டார்.

மகன் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா," என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா செத்ததற்கு அவன் அழுது அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

அக்கா தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் ஐயாகிட்டச் சொல்லாம போனேன் தம்பி. அது என்னுது. சாகற வரைக்கும் நான் வச்சுக்கறேன், யாருக்கும் தர மாட்டேன். ஆனா மூணு நாளா உங்களோடதையும் சேர்த்து நான்தான் தூக்கிக்கிட்டு இருந்திருக்கேன். அதை மட்டும் வாங்கிக்குங்க."

அவர் படியிறங்கிப் போனார். மகன் நாற்காலிக்குத் திரும்பி, விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினான்.